காருக்கு பி.பி.எஃப்: நீங்களே ஒட்டலாமா, கடையில கொடுக்கலாமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

புது கார் புக் பண்ணியாச்சு. டெலிவரிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஷோரூம்ல இருந்து போன் வரும். "சார், பெயின்ட் புரொட்டெக்‌ஷன் ஃபிலிம் போட்டுடலாமா? லோன்லயே சேர்த்துடலாம், மாசம் ரெண்டாயிரம்தான் கூட வரும்." அதே ராத்திரி யூடியூப்ல ஒருத்தர் ரோல் வாங்கி, ஷாம்பு தண்ணி தெளிச்சு, தானே ஒட்டிக் காட்டுவார். ஒரு லட்சம் செலவா, பதினஞ்சாயிரத்துல முடியற வேலையா? இந்தக் குழப்பத்தோட வர்ற மெசேஜ்தான் இப்ப நமக்கு அதிகம்.

இந்தப் பதிவுல ஃபிலிம் நல்லதா கெட்டதான்னு நான் தீர்ப்பு சொல்லப்போறதில்ல. உங்க சம்பளத்துக்கு, உங்க ஓட்டத்துக்கு எந்த இடத்துல ஃபிலிம் வேணும், அதை யார் ஒட்டணும்னு நீங்களே முடிவு பண்ற மாதிரி ஒரு கணக்கு தர்றேன். முடிவை முதல்லயே சொல்லிடறேன்: "ஒட்டத் தெரியுமா?"ன்னு கேட்காதீங்க. "ஒட்டும்போது தப்பா போச்சுன்னா எவ்வளவு போகும்?"னு கேளுங்க. அந்தத் தொகை உங்களுக்குத் தாங்கும்னா நீங்களே ஒட்டுங்க. தாங்காதுன்னா கடையில கொடுங்க.

முதல்ல, பி.பி.எஃப் என்ன செய்யும், என்ன செய்யாது?

1960-கள்ல வியட்நாம் போர் சமயத்துல, ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காம இருக்க வந்த ஃபிலிம்தான் இதோட ஆரம்பம். இன்னைக்கு நல்ல ஃபிலிம்னா டி.பி.யு. அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். தடிமன் பொதுவா 150-லிருந்து 200 மைக்ரான். கம்பெனி பெயின்ட், பிரைமர்ல இருந்து மேல இருக்கற கிளியர் கோட் வரைக்கும் எல்லா அடுக்கையும் சேர்த்தே சுமார் 100-லிருந்து 130 மைக்ரான்தான். பெயின்ட்டை விட தடியான ஒரு சட்டை மாட்டற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இது தடுக்கறது: ஹைவேல தெறிக்கற சின்னக் கல், துணியால துடைக்கும்போது விழற மெல்லிய கோடுகள், பறவை எச்சம் பெயின்ட்ல இறங்கறது, பக்கத்து பைக் ஹேண்டில் லேசா உரசறது. நல்ல டி.பி.யு. ஃபிலிம்ல மெல்லிய கீறல் வெயில் சூட்டுலயே மறைஞ்சுடும்.

இது தடுக்காதது: டென்ட், சாவியால வேணும்னே போடற ஆழமான கோடு, அடிப்பக்கம் பிடிக்கற துரு. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் கடற்காத்து அடிக்கற தெருவுல இருக்கறவங்க இதை கவனிக்கணும். உப்புக்காத்துல வர்ற துரு பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலயும் மூட்டுகள்லயும்தான் ஆரம்பிக்கும். பானெட் மேல ஒட்டின ஃபிலிம் அதுக்கு ஒண்ணும் பண்ணாது.

செராமிக் கோட்டிங் வேற சமாச்சாரம். அது சில மைக்ரான் தடிமன்தான். பளபளப்பு வரும், கழுவ சுலபம். கல்லடியைத் தாங்காது. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லி வித்தா, அந்தக் கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

உங்க கார் எங்க ஓடுது?

கார் முழுக்க ஒரே அளவு அடி வாங்கறதில்ல. அதனால முழு பாடிக்கு கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஒரு மாச ஓட்டத்தை எழுதிப் பாருங்க.

முதல் வகை: மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் வீடு, தி.நகர்ல ஆபீஸ், சாயங்காலம் பாண்டி பஜார். வேகம் 40-ஐத் தாண்டாது. கல்லடி வாய்ப்பு கம்மி. உங்க பிரச்சினை பார்க்கிங். பம்பர் மூலை, கதவு விளிம்பு, கதவு கைப்பிடிக்குப் பின்னாடி நகக்கீறல், பூட்ல பெட்டி ஏத்தற உதடு. மெட்ரோ வேலை நடக்கற தெருவுல நிறுத்தினா தூசி படியும். அந்தத் தூசியோட காய்ஞ்ச துணியால துடைக்கற பழக்கம்தான் பெயின்ட்டுக்கு முதல் எதிரி. அதுக்கு மருந்து ரெண்டு பக்கெட் தண்ணியும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும்.

ரெண்டாவது வகை: அடையார்ல வீடு, வாரா வாரம் சொந்த ஊருக்கு ஜி.எஸ்.டி. ரோடுல திண்டிவனம், விழுப்புரம் தாண்டி போறவங்க. (வரி இல்லைங்க, ரோடு!) லாரிக்குப் பின்னாடி 90, 100-ல போகும்போது முன்பக்கம்தான் அடி வாங்கும்: முன் பம்பர், பானெட்டோட முன் பாதி, ஹெட்லைட், கண்ணாடி மூடி. கூரையும் பின் கதவும் இந்த அடி வாங்கறதில்ல.

மூணாவது வகை: மரத்தடி பார்க்கிங். காக்கா எச்சம், மரத்துப் பிசின், வெயில். இங்க அடி வாங்கறது கூரையும் பானெட்டும். ஆனா இதுக்கு ஒரு நல்ல கார் கவரும், எச்சம் விழுந்த அன்னைக்கே தண்ணி ஊத்தி ஊறவெச்சு எடுக்கற பழக்கமும் பெரும்பாலும் போதும்.

இந்த மூணுல ரெண்டாவது வகைக்குத்தான் பெரிய பேனல்ல ஃபிலிம் போட வலுவான காரணம் இருக்கு. அதுவும் முன்பக்கத்துக்கு.

ஒரு லட்சம் ரூபாய்க்கு உண்மையான விலை

கணக்குக்காக முழு பாடி கொட்டேஷன் ₹1,00,000-ன்னு எடுத்துக்கலாம். உங்க கையில இருக்கற நம்பரை அதுக்குப் பதிலா போட்டுக்கோங்க.

லோன்ல சேர்த்தா: 10% வட்டி, 5 வருஷம். மாசம் சுமார் ₹2,125. மொத்தம் கட்டறது சுமார் ₹1,27,500. "மாசம் ரெண்டாயிரம்தான்"ன்னு சொன்னாங்களே, அந்த வார்த்தைக்குள்ள ₹27,500 வட்டி ஒளிஞ்சிருக்கு.

கையில இருந்து கொடுத்தா: அதே ஒரு லட்சம் 7% வட்டியில 5 வருஷம் இருந்திருந்தா வரிக்கு முன்னாடி சுமார் ₹1,40,000 ஆகியிருக்கும்.

அடுத்தது, ஒட்டாமலே விட்டா என்ன செலவு? ஒரு காருக்கு எத்தனை பேனல்னு எண்ணிப் பாருங்க: பானெட் 1, கூரை 1, பின் கதவு 1, பக்கக் கதவு 4, முன் ஃபெண்டர் 2, பின் குவார்ட்டர் பேனல் 2, பம்பர் 2. மொத்தம் 13. ஒரு பேனல் ரீபெயின்ட் ₹5,000-ன்னு வெச்சா, முழு காரையும் ஒரு தடவை பெயின்ட் பண்ண ₹65,000. அஞ்சு வருஷத்துல 13 பேனலும் அடி வாங்கற கார் ரொம்ப அபூர்வம். மூணோ நாலோ பேனல் வாங்கும். அது ₹15,000-லிருந்து ₹20,000.

"ஆனா சார், ரீபெயின்ட் பண்ணா ரீசேல் குறையுமே?" நியாயமான கேள்வி. பழைய கார் வாங்க வர்றவங்க பெயின்ட் தடிமன் பார்க்கற மீட்டரோட வர்றாங்க. கம்பெனி பெயின்ட்டுக்கு மதிப்பு உண்டு. ஆனா ஒரு பம்பரை ரீபெயின்ட் பண்ணதுக்கும், கூரையும் தூணும் ரீபெயின்ட் ஆனதுக்கும் அவங்க வேற வேற அர்த்தம் எடுத்துப்பாங்க. பம்பர் சகஜம். கூரை, தூண்னா "ஆக்சிடென்ட் கார்"ங்கற சந்தேகம். கல்லடி வாங்கற பம்பரைப் பத்தி ரீசேல் பயம் வேண்டாம்.

இன்னொண்ணு: சம்பளக்காரரா இருக்கற நமக்கு சொந்தக் காருக்கு ஒட்டின ஃபிலிம்ல எந்த வரிச்சலுகையும் கிடையாது. முழுக்க முழுக்க வரி கட்டின காசு.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க

நிறைய பேருக்குத் தெரியாத கணக்கு இது. ஒரு கீறல், ₹5,000 பெயின்ட் பில். கிளெய்ம் போடலாமா?

உங்க ஓன் டேமேஜ் பிரீமியம், தள்ளுபடிக்கு முன்னாடி, ₹10,000-ன்னு வெச்சுக்கோங்க. மூணு வருஷம் கிளெய்ம் இல்லாம ஓட்டி 35% நோ கிளெய்ம் போனஸ்ல இருக்கீங்க. இந்த நாலாவது வருஷமும் கிளெய்ம் இல்லன்னா அடுத்த ரினியூவல்ல 45%, அதுக்கு அப்புறம் 50%. இப்ப கிளெய்ம் போட்டா மறுபடி பூஜ்யம், 20, 25, 35, 45-ன்னு ஏணியில முதல் படியில இருந்து ஏறணும்.

வருஷா வருஷம் இழக்கற தள்ளுபடி:
- முதல் ரினியூவல்: 45% − 0% = ₹4,500
- ரெண்டாவது: 50% − 20% = ₹3,000
- மூணாவது: 50% − 25% = ₹2,500
- நாலாவது: 50% − 35% = ₹1,500
- அஞ்சாவது: 50% − 45% = ₹500

மொத்தம் ₹12,000. காரோட ஐ.டி.வி. குறையக் குறைய பிரீமியமும் இறங்கும், அதனால நிஜத்துல இதைவிடக் கொஞ்சம் கம்மியா வரும்.

கிடைக்கறது எவ்வளவு? ஜீரோ டெப் இல்லாத பாலிசில, பெயின்டிங் பில்லுல 25%-ஐ மெட்டீரியல்னு எடுத்து, அதுல பாதியைக் கழிப்பாங்க. ₹5,000-க்கு ₹625 போச்சு. 1500 சி.சி. வரைக்கும் கட்டாயக் கழிவு ₹1,000. மிச்சம் ₹3,375. மூவாயிரத்து சொச்சத்துக்காக பன்னிரண்டாயிரத்தை விடறோம்!

அதனால சின்னக் கீறல் எல்லாம் எப்பவும் உங்க பாக்கெட் செலவுதான். ஃபிலிம் தடுக்கறதும் அந்தச் சின்னக் கீறலைத்தான். எவ்வளவு போடலாம்னு தீர்மானிக்கற எல்லை இப்ப தெளிவா தெரியுதில்ல? அஞ்சு வருஷத்துல ₹15,000-லிருந்து ₹20,000 பாக்கெட் செலவைத் தடுக்க ஒரு லட்சம் போடறது ஆசைக்காக செய்யற செலவு. ஆசைக்கு செலவு பண்றது தப்பில்ல. அதை "முதலீடு"ன்னு நம்பி லோன் எடுக்கறதுதான் தப்பு.

இன்னொரு விஷயம். விபத்துல பம்பர் மாத்தினா, அதுமேல இருந்த ஃபிலிமுக்கு காசு வருமா? ஃபிலிமை ஆக்சசரியா தனியா அறிவிச்சு, அதுக்கு பிரீமியம் கட்டலன்னா பொதுவா வராது. உங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட ஈமெயில்ல கேட்டு பதில் வாங்கி வெச்சுக்கோங்க.

இப்ப முக்கியமான கேள்வி: நீங்களா, கடையா?

முன்பக்கம் மட்டும்னு வெச்சுப்போம். பம்பர், பானெட், ரெண்டு ஃபெண்டர். எல்லாம் கணக்குக்கான நம்பர்தான்.

கடை: ₹30,000, வாரண்டியோட.

நீங்களே: அளவா வெட்டி வர்ற ஃபிலிம் செட் ₹12,000. ஸ்பிரேயர், ஸ்குவீஜி, ஹீட் கன், ஐசோபுரோபைல் ஆல்கஹால், கிளே பார் எல்லாம் ₹3,000. மொத்தம் ₹15,000.

பாதி மிச்சம்! இங்கயே வீடியோவை நிறுத்திட்டு ஆர்டர் போட்டுடுவாங்க. நாம இன்னும் மூணு வரி சேர்க்கணும்.

ஒண்ணு, வீணாப் போறது. பானெட் மாதிரி பெரிய வளைவுல முதல் தடவை ஒட்டறப்ப ஒரு மூலை சுருங்கும், இல்ல ஃபிலிம் தன் மேலயே மடிஞ்சு ஒட்டிக்கும். அவ்வளவுதான், அந்தத் துண்டு குப்பை. மாத்துத் துண்டு ₹5,000. செலவு ₹20,000.

ரெண்டு, கத்தி. ஓரம் சரியா உக்காரலன்னு கார் மேலயே பிளேடு வெச்சு வெட்டுவீங்க. ஃபிலிமோட சேர்ந்து கிளியர் கோட்டும் வெட்டுப்படும். அந்தக் கோடு அன்னைக்குத் தெரியாது. ஃபிலிமை உரிக்கறப்பதான் தெரியும். ஒரு பேனல் ரீபெயின்ட் ₹5,000. செலவு ₹25,000.

மூணு, நேரம். முதல் தடவைன்னா ரெண்டு வார இறுதி, 16 மணி நேரம் போகும். கையில ₹60,000 வாங்கறவருக்கு 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம்னா, மணிக்கு சுமார் ₹300. 16 மணி நேரத்துக்கு ₹4,800. செலவு ₹29,800.

கடைக்கும் உங்களுக்கும் வித்தியாசம் ₹200! அதுவும் வாரண்டி இல்லாம.

"ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு யாரும் சம்பளம் தர்றதில்லையே?"ன்னு கேட்டா, சரி, நேரத்தைக் கழிச்சுடுங்க. அப்ப எல்லாம் சரியா நடந்தா ₹15,000 மிச்சம், ஒரு துண்டு வீணானா ₹10,000, கத்தியும் பட்டா ₹5,000. உங்களுக்குக் கைவேலை பிடிக்கும், பொறுமை இருக்கும்னா இது மோசமான பேரம் இல்ல. ஆனா ₹15,000 மிச்சம்னு நினைச்சு இறங்காதீங்க. ₹5,000 மிச்சமானாலும் பரவாயில்லன்னா மட்டும் இறங்குங்க.

இப்ப சின்ன இடங்களைப் பாருங்க. கைப்பிடிக்குப் பின்னாடி குழி, கதவு விளிம்பு, பூட் உதடு, கதவைத் திறந்தா காலடி படற பட்டி, உள்ள இருக்கற பளபள கறுப்பு பிளாஸ்டிக், டச் ஸ்கிரீன். ஃபிலிம் ₹1,500. கடையில தனியா கேட்டா ₹5,000 சொல்றாங்கன்னு வெச்சுப்போம். ஒரு துண்டு வீணானா போறது ₹200, ₹300. கார் மேல கத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்ல, துண்டு அளவா வரும். மூணு துண்டு வீணானாலும் லாபம் உங்களுக்குத்தான். இதைக் கடையில கொடுக்கறது, மொபைலுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்ட வீட்டுக்கு ஆள் கூப்பிடற மாதிரி.

சுருக்கமா:
- சின்ன, தட்டையான துண்டு: நீங்களே.
- முன்பக்கம், ஹைவே ஓட்டம் இருந்தா: கடை. கைவேலை ஆசை இருந்தா மட்டும் நீங்களே.
- முழு பாடி: நீங்களே ஒட்டற பேச்சே வேண்டாம். ஒரு முழு ரோல் பொதுவா 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். சின்ன காருக்கே கிட்டத்தட்ட முழு ரோல் தேவைப்படும். முதல் தடவை ஒட்டறவருக்கு அந்த ரோல் பத்தாது.

நீங்களே ஒட்டறதா இருந்தா: சென்னைக்கான குறிப்புகள்

1. இடம்: அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங், காலைல சீக்கிரம். வெயில்ல நின்ன பானெட்ல தண்ணி உடனே காய்ஞ்சு, பசை பட்ட இடத்துல பிடிச்சுக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி தரையில தண்ணி தெளிச்சுடுங்க, தூசி பறக்காது.

2. தண்ணி: போர் தண்ணி வேண்டாம். நம்ம ஊர் போர் தண்ணில உப்பு அதிகம், காய்ஞ்சா ஃபிலிமுக்கு அடியில வெள்ளைத் தடம் நிக்கும். ஆர்.ஓ. தண்ணி, இல்ல பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர். அதுல சில சொட்டு பேபி ஷாம்பு. இது ஃபிலிமை நகர்த்தறதுக்கு. ஓரத்தைப் பிடிக்க வைக்க, தண்ணில கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹால்.

3. சுத்தம்: கழுவி, கிளே பார் போட்டு, ஆல்கஹால்ல துடைச்சு. மெழுகு, பாலிஷ் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. ஃபிலிமுக்கு அடியில தங்கின தண்ணிக் குமிழி சில நாள்ல தானா போயிடும். தூசிப் புள்ளி போகாது.

4. ஒட்டற முறை: நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளுங்க. ரொம்ப இழுக்காதீங்க. இழுத்து ஒட்டின ஓரம் கொஞ்ச நாள்ல தானா பின்வாங்கி எழும்பும்.

5. ஹீட் கன்: ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. பம்பர் பிளாஸ்டிக், வளைஞ்சுடும். பார்க்கிங் சென்சார், ரேடார் மேல ஃபிலிம் போகக்கூடாது.

6. புதுசா பெயின்ட் அடிச்ச பேனல்: குறைஞ்சது ஒரு மாசம் விடுங்க. பெயின்ட்ல இருக்கற சால்வென்ட் வெளிய வரணும். செகண்ட் ஹேண்ட் கார்ல எந்த பேனல் ரீபெயின்ட்னு தெரியாம ஒட்டினா, நாளைக்கு உரிக்கறப்ப பெயின்ட்டும் கூடவே வந்துடலாம்.

7. காலம்: அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி பார்க்கிங் இருக்கறவங்க இந்த மாசங்களைத் தவிர்க்கலாம். ஒட்டின பிறகு ஒரு வாரம் கார் கழுவ வேண்டாம்.

கடையில கொடுக்கறதா இருந்தா: பணம் கட்டறதுக்கு முன்னாடி

அண்ணா சாலைல இருந்து பிரியற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கார் ஆக்சசரிக்குப் பேர் போன இடம். அங்கயும், அடையார், தி.நகர்ல இருக்கற டீட்டெய்லிங் கடைகள்லயும் மூணு கொட்டேஷனாவது எழுத்துல வாங்குங்க. எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகள்:

- ஃபிலிம் டி.பி.யு.-வா, பி.வி.சி.-யா? பி.வி.சி. விலை கம்மி, ஆனா சீக்கிரம் மஞ்சளாகும், விறைச்சுப் போகும்.
- பிராண்ட், மாடல், தடிமன், ரோல் நம்பர் பில்லுல வருமா? இந்தியாவுலயே கார்வேர் மாதிரி கம்பெனி பி.பி.எஃப் தயாரிக்குது, வெளிநாட்டு பிராண்டும் இருக்கு. பேர் பில்லுல இல்லன்னா எந்த பிராண்டும் ஒண்ணுதான்.
- கம்ப்யூட்டர் பிளாட்டர்ல வெட்டுவீங்களா, கார் மேல கையால வெட்டுவீங்களா? கையாலன்னா, பெயின்ட்ல வெட்டு விழுந்தா யார் பொறுப்பு?
- வாரண்டி தர்றது ஃபிலிம் கம்பெனியா, கடையா? மஞ்சளாகறது, வெடிக்கறது, எழும்பறது, இதுல எது அடங்கும்? ஃபிலிம் மட்டுமா, திரும்ப ஒட்டற கூலியும் சேர்த்தா?
- உரிக்க எவ்வளவு? இந்தக் கேள்வியை யாரும் கேட்கறதில்ல. ஃபிலிமுக்கும் ஆயுசு உண்டு, ஒரு நாள் உரிச்சுத்தான் ஆகணும்.

கடைசியா அந்தப் பிரபலமான வாக்கியம் வரும்: "பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. இல்லாம போட்டுத் தர்றேன்." ₹30,000 வேலைக்கு 18% வரின்னா ₹5,400. இனிக்கும். ஆனா பில் இல்லன்னா வாரண்டி இல்ல. பிரச்சினை வந்தா நுகர்வோர் ஆணையத்துல காட்ட ஆதாரமும் இல்ல. பில் இருந்தா ₹5 லட்சம் வரைக்குமான விவகாரத்துக்கு மாவட்ட ஆணையத்துல கட்டணமே இல்லாம புகார் கொடுக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. அதுக்கு முன்னாடி 1915-ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போடலாம். கடைக்காரருக்கு நீங்க கொடுக்கற கூடுதல் காசுல முக்கால்வாசி, தப்பு நடந்தா அவர் பொறுப்பு ஏத்துக்கறதுக்குத்தான். பில்லை விட்டுட்டா, கடைக்கும் காசு கொடுத்து ரிஸ்க்கையும் நீங்களே சுமக்கறீங்க.

ஷோரூம் பேக்கேஜ் பத்தி ஒரு வரி: அது கட்டாயம் இல்ல. ஆன்-ரோடு விலையைத் தனித்தனி வரியா கேளுங்க. வேண்டாம்னு சொன்னா டெலிவரி தள்ளிப் போகக்கூடாது.

கண்ணாடி ஃபிலிமை இதோட குழப்பிக்காதீங்க

பி.பி.எஃப் கேட்டு கடைக்குப் போனா "கண்ணாடிக்கும் சன் ஃபிலிம் போட்டுடலாமா?"ன்னு கேட்பாங்க. பெயின்ட் மேல ஒட்டற ஃபிலிம்ல சட்டச் சிக்கல் இல்ல. கண்ணாடில இருக்கு. 2012 ஏப்ரல் 27-ல் அவிஷேக் கோயங்கா வழக்குல உச்ச நீதிமன்றம், கார் கண்ணாடிகள்ல கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை போட்டது. மோட்டார் வாகன விதி 100-படி முன், பின் கண்ணாடி 70%, பக்கக் கண்ணாடி 50% வெளிச்சத்தை விடணும். 2021 ஏப்ரல் 1 முதல் விதியில 'சேஃப்டி கிளேசிங்'ங்கற வார்த்தையும் சேர்ந்தது. அதை வெச்சு 2024 செப்டம்பர்ல கேரள உயர் நீதிமன்றம், அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போடக்கூடாதுன்னு சொன்னது. அது கேரளத் தீர்ப்பு. அதைக் காட்டி சென்னை சிக்னல்ல வாதாட முடியும்னு நம்பி காசு செலவு பண்ணாதீங்க. அபராதமும் போய், ஃபிலிமையும் அங்கயே உரிக்கச் சொன்னா ரெட்டை நஷ்டம்.

அதே காசுல முதல்ல செய்ய வேண்டியது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டீங்க. வேளச்சேரில ஜனங்க காரைக் காப்பாத்த மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்தினாங்க. 2024 அக்டோபர் மழை எச்சரிக்கைக்கும் அதேதான் நடந்தது. வெள்ளத்துல மூழ்கின காருக்கு பி.பி.எஃப் ஒண்ணும் பண்ணாது. தண்ணி புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வர்ற சேதம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசில பொதுவா வராது. அதுக்கு இன்ஜின் புரொட்டெக்ட்ங்கற ஆட்-ஆன் வேணும். ஃபிலிம் விலைல அது ஒரு சின்னப் பகுதிதான். அழகைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி இன்ஜினைக் காப்பாத்துங்க.

அதனால என் வரிசை இது:
1. அவசரகால நிதி, குறைஞ்சது மூணு மாசச் செலவு.
2. ஜீரோ டெப், இன்ஜின் புரொட்டெக்ட்.
3. சின்ன இடங்களுக்கு ₹1,500 ஃபிலிம், நீங்களே ஒட்டினது.
4. ஹைவே ஓட்டம் இருந்தா முன்பக்கம் மட்டும், பில்லோட, கடையில, கைக்காசுல.
5. முழு பாடி: மேல நாலும் முடிஞ்சு, போனஸ் வந்து, அந்தப் பணம் திரும்பி வராதுன்னு தெரிஞ்சே ஆசைப்பட்டா. தாராளமா போடுங்க. கடன்ல மட்டும் வேண்டாம்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுத்து மூணு நம்பர் எழுதுங்க: கடை கொட்டேஷன், நீங்களே பண்ணா ஆகற செலவு, ஒரு தடவை தப்பாப் போனா கூடுதலா ஆகற செலவு. ரெண்டாவதையும் மூணாவதையும் கூட்டினா முதல் நம்பரை நெருங்குதா? நெருங்கினா கடைக்குப் போங்க. பாதிக்கும் கீழ நிக்குதுன்னா, ஷாம்பு பாட்டிலை எடுங்க.

இந்தக் கணக்கை ஷீட்ல போட்டு, நம்பர் மாத்தினா விடை எப்படி மாறுதுன்னு சேனல் வீடியோல காட்டியிருக்கேன். டெலிவரி தேதி நெருங்கற நண்பர் யாராவது இருந்தா, அந்த ஷோரூம் போன் வர்றதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.